அம்மாவைக் கதிரையில இருத்தி வைக்காதேங்கோ

வாசகர் கேள்வி – பதில்

மறதி வருத்தத்தைப் பற்றிக் கேட்டு இந்த முறை வந்த கடிதங்களும் வட்ஸ்அப் மெசேஜுகளும் கனக்க, அதால பக்கம் முழுக்க அதுக்கே விட்டிட்டன். நான் கிளினிக்கில நேர்சா நிண்ட காலத்தில ஆக்கள் போற போக்கில வாசலில வைச்சுக் கேக்கிற கேள்வியள்தான் இதுகளும், அங்க நிண்டு ஆறுதலாப் பதில் சொல்ல நேரம் இருக்கிறேல்லை. பேர் போட வேண்டாம் எண்டு எல்லாரும் எழுதியிருக்கிறியள், போடேல்லை.

மகன், கனடா (சொந்த இடம் விசுவமடு)

மிஸ், அம்மாவுக்கு 71 வயசு. வீட்டைத் திருத்தி, கிணத்துக்கு மோட்டர் பூட்டி, சமைக்க ஒரு ஆளும் விட்டிருக்கிறம். அவ ஒண்டும் செய்யத் தேவையில்லை. ஆனா கொஞ்சக் காலமா வீடியோ கோலில கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேக்கிறா. மூளைக்கு நல்லதெண்டு இங்க விக்கிற விட்டமின் குளிசை அனுப்பினனாங்கள். வேற என்ன அனுப்பலாம்?

பதில்: தம்பி, இனி ஒண்டும் அனுப்ப வேண்டாம். முதல் வேலையா ஆரையும் பிடிச்சு அம்மாவைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டச் சொல்லுங்கோ. கேட்டதையே திரும்பக் கேக்கிறது வயசுக்கு வாற சும்மா மறதி எண்டு விடுற விசயமில்லை, ஆனா எல்லாம் மாறாத வருத்தம் எண்டும் இல்லை. பி12 விட்டமின் குறைஞ்சாலும், தைரொயிட் பிரச்சினை எண்டாலும், நித்திரைக் குளிசை கனகாலம் போட்டாலும், மனசு சோர்ந்து போனாலும் இப்பிடி வரும், இதுகளுக்கெல்லாம் வைத்தியம் இருக்கு.

மற்றது, நீங்கள் கோவிக்கக் கூடாது, அவ ஒண்டும் செய்யத் தேவையில்லை எண்டு எழுதினீங்கள் பாருங்கோ, எனக்கு அந்த வரிதான் கவலை. முந்தி அம்மா ஒரு நாளைக்கு என்னென்ன செய்திருப்பா? விடிய எழும்பி ஈர்க்குமாறால வளவு முழுக்கக் கூட்டி, கப்பியால தண்ணி அள்ளி, கோழியைத் திறந்துவிட்டு, கூட்டுக்குள்ள குனிஞ்சு முட்டை எடுத்து, தேங்காய் துருவி பிட்டுக்கு மா குழைச்சு, பிறகு சங்கக்கடைக்கு நடந்து போய் வழியில நாலு பேரோட நிண்டு கதைச்சு, காசைக் கணக்குப் பாத்து மிச்சம் வாங்கி, பின்னேரம் பூக்கண்டுக்குத் தண்ணி விட்டு கோயிலுக்கும் ஒருக்காப் போய்வந்திருப்பா. நடை, குனிஞ்சு நிமிர்றது, பாரம் தூக்கிறது, கணக்கு, கதை, அடுத்தது என்ன செய்யிறது எண்ட யோசினை எல்லாம் அதுக்குள்ள இருந்தது. இப்ப பிளாஸ்ரிக் கதிரை, டிவி நாடகம், சாப்பாடு, நித்திரை. நீங்கள் பாசத்தில செய்தது எனக்கு விளங்குது, எங்கட பக்கம் வெளிநாட்டுக் காசு வாற வீடு கனக்கவில இதுதான் நடக்குது.

நடக்கிறதுக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு எண்டு கேட்டா, 2011இல வந்த ஒரு அமெரிக்க ஆய்வைச் சொல்லலாம். 120 வயசான ஆக்களை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பகுதியைக் கிழமையில 3 நாள் 40 நிமிசம் வரைக்கும் நடக்க விட்டவை, மற்றப் பகுதிக்கு கை காலை நீட்டி மடக்கிற லேசான பயிற்சி மட்டும். ஒரு வருசம் முடிய ஸ்கான் எடுத்துப் பாத்தா, நடந்த ஆக்களுக்கு ஹிப்போகாம்பஸ் எண்ட பகுதி, புது விசயங்களை ஞாபகத்தில பதிக்கிற இடம் அது, 2 வீதம் அளவில பெருத்திருந்தது, மற்ற ஆக்களுக்குச் சுருங்கியிருந்தது. வயசு போகப் போகச் சுருங்கிற இடம் நடையால பெருக்கும் எண்டால் சின்ன விசயமில்லை.

எவ்வளவு நடக்கோணும்? பிரிட்டனில 78,000க்கும் மேற்பட்ட ஆக்களின்ர கையில கருவி கட்டிப் பாத்து 2022இல எழுதினவை, ஒரு நாளைக்கு 9,800 காலடி அளவில நடந்த ஆக்களுக்கு மறதி வருத்தம் வாற ஆபத்து ஏறக்குறைய பாதி, 3,800 காலடி நடந்தாலே கால்வாசி குறைவு எண்டு. உடம்பு சுகமா இருக்கிற ஆக்கள்தானே கூட நடப்பினம் எண்டு நீங்கள் கேக்கலாம், நியாயமான கேள்விதான், அதால இதை அப்பிடியே மருந்து அளவு மாதிரி எடுக்கக் கூடாது. ஆனா 3,800 எண்டது ஒரு ஆச்சி வளவுக்குள்ள வேலை செய்து கடைக்கும் போய்வந்தாலே கிட்டத்தட்ட வந்திடும்.

அதால வேலைக்கு வாற பிள்ளையிட்டச் சொல்லுங்கோ, பாரமான வேலை, நெருப்பு வேலை அவ செய்யட்டும், கீரை ஆயிறது, முத்தம் கூட்டிறது, கோழி, பூக்கண்டு, கடைக்கணக்கு எல்லாம் அம்மாவுக்கு. தடுக்கி விழாமல் இருக்க குளியலறைக்கு வழுக்காத கல்லும் பிடிக்க ஒரு கம்பியும் போடுங்கோ, அனுப்பிற காசில உருப்படியான செலவு அதுதான். விட்டமின் குளிசையை நிப்பாட்டலாம். குறைபாடு இல்லாத ஆளுக்கு பி விட்டமின், ஈ விட்டமின், மீனெண்ணைக் கொழுப்பு எண்டு மறதியைத் தடுக்கக் குடுக்க வேண்டாம் எண்டு உலக சுகாதார நிறுவனம் 2019இலயே சொல்லியிட்டுது. பி12 குறைவு எண்டு ரத்தம் பாத்து டொக்டர் எழுதித் தந்தா அது வேற கதை.

மருமகள், மல்லாவி

அக்கா, மாமாவுக்கு 74. சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கு, இப்ப மறதியும். யூடியூப்பைத் திறந்தா மூளைக்கு சல்மன் மீன், புளூபெரி, ஒலிவ் எண்ணை, வோல்நட் எண்டுறாங்கள். மல்லாவிச் சந்தையில இதுக்கு நான் எங்க போறது? வல்லாரை குடுத்தாக் காணுமோ?

பதில்: தங்கச்சி, அந்த லிஸ்ட் வந்தது அமெரிக்காவில சிக்காகோவில இருக்கிற ரஷ் பல்கலைக்கழகத்திலயிருந்து, மார்த்தா கிளேர் மொரிஸ் எண்ட ஆய்வாளரும் கூட இருந்த ஆக்களும் 2015இல மைண்ட் உணவு முறை எண்டு கொண்டு வந்தது. அவை தங்கட ஊர்ச் சாப்பாட்டை வைச்சு எழுதினவை, நாங்கள் அதின்ர உள்ளடக்கத்தை எடுத்தாச் சரி. பச்சை இலைக் கீரை கிழமையில 6 தரமாவது, மற்ற மரக்கறி ஒவ்வொரு நாளும், பருப்பு பயறு வகை ஒண்டைவிட்டு ஒரு நாள், தவிடு போகாத தானியம், கொட்டை வகை, மீன் கிழமைக்கு ஒருக்காலாவது, பொரியலும் இனிப்பும் மாட்டிறைச்சியும் பட்டரும் குறைவு. இவ்வளவுதான்.

இதில எங்களுக்குக் கிடையாதது என்ன சொல்லுங்கோ? வேலியில முருங்கை நிக்குது, வாய்க்கால் கரையில பொன்னாங்காணி, வல்லாரை. மழை பெய்ஞ்சு விட்டா முசுட்டையும் குறிஞ்சாவும் வேலி முழுக்க. சல்மனுக்குப் பதிலா சூடை, சாளை வாங்குங்கோ, முல்லைத்தீவுக் கடலில பிடிபடுறது, விலையும் குறைவு, கொழுப்புள்ள சின்ன மீன் எண்டபடியா சல்மனில இருக்கிற அதே ஒமேகா 3 இதிலயும் இருக்கு. பொரிக்காமல் புளி விட்டுத் தீயலா வையுங்கோ. வோல்நட்டுக்குக் கச்சானும் எள்ளும், உப்புப் போட்டு வறுத்த பாக்கெட் கச்சான் இல்லை, தோலோட அவிச்சது அல்லாட்டி வறுத்தது ஒரு கைப்பிடி. கோதுமை மாப் பிட்டு ரெண்டு நாளைக்கு எண்டா குரக்கன் பிட்டு ரெண்டு நாளைக்கு, சோறு தவிட்டுச் சிவப்பரிசி. புளூபெரியை நினைச்சு ஏங்க வேண்டாம், நாவல்பழத்தின்ர ஊதாவும் அதே வகைச் சாயம்தான், சீசனுக்கு நாக்கு கறுக்கச் சாப்பிடட்டும். பாலைப்பழம் மட்டும் கவனம், தேன் மாதிரி இனிப்பு, சீனி வருத்தக்காரருக்கு நாலஞ்சோட நிப்பாட்டோணும்.

வல்லாரைச் சம்பல் நல்லது. பச்சையா அரிஞ்சு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சத் தேங்காய்ப்பூ, தேசிப்புளி, உப்பு ஒரு கிள்ளு, கையால பிசறி உடன சாப்பிடோணும், வைச்சா இலை கறுத்துப்போகும். ஆனா அதைச் சாப்பிட்டா மறதி வருத்தம் வராது எண்டு ஆரும் நிரூபிக்கேல்லை. கீரையளில ஒரு கீரை எண்டு எடுங்கோ, வல்லாரைக் குளிசை, வல்லாரைச் சிரப் எண்டு கடையில விக்கிறதுக்குக் காசைக் கரைக்காதேங்கோ.

நேர்மையா இன்னொண்டும் சொல்லோணும். அந்த மைண்ட் முறையை 604 பேரில 3 வருசம் சோதிச்சு 2023இல முடிவு வந்தது, சாதாரணமாச் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைச்ச ஆக்களுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் தெரியேல்லை. அப்ப சாப்பாட்டால பிரயோசனம் இல்லையோ எண்டா அப்பிடியும் இல்லை, 3 வருசம் காணாமல் இருக்கலாம், ஆனா சாப்பாடு மட்டும் தனிய நிண்டு மறதியை மறிக்கும் எண்டு நான் உங்களுக்கு ஆசை காட்ட மாட்டன்.

உங்கட மாமாவுக்கு என்னைக் கேட்டா கீரையை விட முக்கியம் சீனியும் உப்பும். மூளை உடம்பு நிறையில 2 வீதம்தான், ஆனா உடம்பு செலவழிக்கிற சக்தியில 20 வீதம் அளவில அதுக்குத்தான் போகுது, அவ்வளவையும் கொண்டு போறது தலைமுடியை விட மெல்லிய ரத்தக்குழாயள். பிரஷரும் சீனியும் வருசக்கணக்கா இருந்து பழுதாக்கிறது அந்தக் குழாயளைத்தான். பாரிசவாதம் மாதிரி விழுத்தாமல், சத்தமில்லாமல் அங்கொண்டு இங்கொண்டா அடைச்சுக்கொண்டு வரும், வீட்டில ஆக்கள் அதை வயசு எண்டு நினைப்பினம்.

தேத்தண்ணியை எண்ணிப் பாருங்கோ. ஒரு நாளைக்கு 5 தேத்தண்ணி, ஒண்டுக்கு 2 தேக்கரண்டி சீனி எண்டா 10 கரண்டி, அதுவே 40 கிராமுக்கு மேல. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள, ஏறக்குறைய 6 கரண்டிக்குள்ள நிண்டா நல்லம் எண்டுதான் உலக சுகாதார நிறுவனம் சுகமான ஆக்களுக்கே சொல்லுது. மாமா குளிசையும் போட்டுக்கொண்டு 10 கரண்டி சீனியும் குடிச்சா குளிசை பாவம் என்ன செய்யும்? உப்பு ஒரு நாளைக்கு எல்லாக் கறிக்கும் சேத்து ஒரு ஆளுக்கு ஒரு தேக்கரண்டிக்குள்ள, 5 கிராம். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் இருக்கிற அண்டைக்கு அது எப்பிடியும் தாண்டும், அதால அதுகளை நாள் பெருநாளுக்கு வையுங்கோ. தேங்காயை விடச் சொல்லி நான் சொல்லேல்லை, எங்கட ஆக்களிட்ட அது எடுபடாது, முதல்பாலைக் குறைச்சு வையுங்கோ, பொரிச்ச எண்ணையைத் திரும்பத் திரும்பப் பாவிக்காதேங்கோ.

மூண்டு விசயம் அவசரமாச் சொல்லிறன். மாமா மெட்போமின் எண்ட சீனிக் குளிசை கனகாலமாப் போடுறவர் எண்டா பி12 குறையலாம், கிளினிக்கில ஒருக்காக் கேளுங்கோ. சீனிக் குளிசை போட்டுக்கொண்டு கந்தசஷ்டி எண்டு பட்டினி கிடக்க விடாதேங்கோ, சீனி சட்டெண்டு இறங்கினா மூளைக்கு அது பெரிய அடி. சிறுநீரக வருத்தம் எண்டு சொல்லியிருந்தா கீரை, இளநீர், வாழைப்பழம் எல்லாம் டொக்டரிட்டக் கேட்டுத்தான், அவைக்குப் பொட்டாசியம் கூடக் கூடாது. வவுனியாப் பக்கம் அந்த வருத்தக்காரர் கனபேர் இருக்கிறபடியாத்தான் இதைத் தனியா எழுதுறன்.

நெடுங்கேணி வாசகர், 67 வயசு

விடிய 5 மணிக்கு நடக்கச் சொல்லி டொக்டர் சொன்னவர். எங்கட றோட்டில அந்த நேரம் யானை நிக்கும். முழங்கால் நோவும் இருக்கு.

பதில்: ஐயா, யானைக்கு முன்னால ஓடினா ஹிப்போகாம்பஸ் பெருக்காது. வெளிச்சம் வந்த பிறகு போங்கோ, இல்லாட்டி பின்னேரம் வெயில் தாழ, தனியப் போகாமல் ரெண்டு மூண்டு பேராப் போங்கோ. நடை எண்டா கதைக்க ஏலும், ஆனா பாட்டுப் படிக்க மூச்சுக் காணாது, அந்த வேகம். கிழமைக்கு எல்லாமாச் சேத்து 150 நிமிசம் வந்தாச் சரி, ஒரேயடியா நடக்கோணும் எண்டில்லை, 10 நிமிசம் 10 நிமிசமாவும் நடக்கலாம். முழங்கால் நோகிற அண்டைக்கு சைக்கிள் ஓடுங்கோ. கதிரையில இருந்து கை ஊண்டாமல் எழும்பி இருக்கிறதைப் பத்துத் தரம் செய்யிறதும், சுவரைப் பிடிச்சு ஒத்தைக்காலில நிக்கிறதும் விழாமல் காப்பாத்தும், விழுந்து மண்டையில அடிபட்டா அதுவும் மறதிக்கு ஒரு காரணம்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், முள்ளியவளை

பிள்ளை, எனக்கு வயது 76. நாள்தோறும் பத்திரிகையில் வரும் குறுக்கெழுத்தையும் சுடோக்குவையும் தவறாமல் நிரப்புகிறேன். காது சற்று மந்தமாகிவிட்டதால் கூட்டங்களுக்கோ திருமண வீடுகளுக்கோ செல்வதில்லை. மூளைக்கு இந்தப் பயிற்சி போதுமா?

பதில்: சேர், உங்கட கடிதத்தில ஒரு பிழை இல்லை, இந்தப் பக்கத்தில வாற என்ர தமிழைப் பாத்து நீங்கள் சிவப்புப் பேனை எடுத்திருப்பீங்கள். குறுக்கெழுத்து நல்ல பொழுதுபோக்கு, விட வேண்டாம், ஆனா கனகாலம் பழகின ஒண்டு கையோட போகும், மூளை அதுக்குப் பெரிசாக் கஷ்டப்படாது. எனக்குக் கவலை நீங்கள் ரெண்டாவதாச் சொன்னது. காது கேளாமல் போனா ஆக்களோட கதைக்கிறது குறையும், கேட்ட அரைகுறையை விளங்கிக்கொள்ளவே மூளை களைச்சுப்போகும், பேந்து வீட்டோட அடைஞ்சு போறது. மறதிக்கு வழி விடுறதில காது கேளாமையும் தனிய இருக்கிறதும் ரெண்டுமே பெரிய காரணங்கள்.

அமெரிக்காவில 70 வயசு தாண்டின ஆக்களுக்குக் காது கேக்கிற மிசின் குடுத்து 3 வருசம் பாத்தவை, 2023இல முடிவு வந்தது. எல்லாரையும் ஒண்டாச் சேத்துப் பாக்க வித்தியாசம் இல்லை. ஆனா பிரஷர், சீனி, இதய வருத்த ஆபத்து எண்டு ஏற்கனவே கூட ஆபத்தில இருந்த ஆக்களைத் தனியாப் பாத்தா, மூளை மங்குற வேகம் 48 வீதம் குறைஞ்சிருந்தது. நீங்கள் முதல் ஆஸ்பத்திரியில காதுக்குறும்பி அடைச்சிருக்கோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ, சில பேருக்கு அதை எடுத்தவுடனயே கேக்கும். பிறகு தேவையெண்டா மிசின். முதல் மாதம் சத்தமெல்லாம் தகரத்தில தட்டின மாதிரி இருக்கும், வெறுத்து லாச்சிக்குள்ள போட்டிடாதேங்கோ. கண்ணில வெள்ளை படர்ந்திருந்தா அதையும் எடுப்பியுங்கோ.

பேந்து பின்னேரத்தில பக்கத்து வீட்டுப் பெடியள் நாலுபேரைக் கூப்பிட்டுக் கணக்குச் சொல்லிக் குடுங்கோ. இப்பத்தைப் புத்தகம் உங்கட காலத்துப் புத்தகம் இல்லை, நீங்களும் இருந்து படிக்க வேண்டி வரும், மூளைக்கு அதுதான் வேலை.

வாசகி, வவுனியா, 52 வயசு

அம்மாவுக்கு அல்சைமர் எண்ட மறதி வருத்தம் வந்துதான் மோசம் போனவ. இப்ப நான் குசினிக்குள்ள போய் நிண்டுகொண்டு எதுக்கு வந்தனான் எண்டு யோசிக்கிறன். எனக்கும் வந்திட்டுதோ?

பதில்: குசினிக்குப் போய் நிண்டு யோசிக்கிறது நானும்தான், நாலு வேலையை ஒண்டாச் செய்தா அப்பிடித்தான். கண்ணாடியை எங்க வைச்சனான் எண்டு தேடுறதுக்குப் பயப்பிட வேண்டாம். கண்ணாடி எதுக்கு எண்டு தெரியாமல் நிண்டா, பழகின றோட்டில வழி மாறினா, வழக்கமா வைக்கிற கறியின்ர ஒழுங்கு தட்டுப்பட்டா, காசு எண்ண ஏலாமல் போனா, குணம் மாறினா அப்ப காட்டோணும். அதெல்லாம் மெல்ல மெல்ல மாதக்கணக்கில வரும். ஒரே நாளில ஆள் தடுமாறினா அது காய்ச்சல், சலத்தில கிருமி, சீனி இறக்கம், இல்லாட்டி பாரிசவாதம், வாய் கோணி ஒரு பக்கக் கை விழுந்தா நிண்டு யோசிக்காமல் 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடியுங்கோ.

பரம்பரையால ஆபத்துக் கொஞ்சம் கூடும், ஆனா அம்மாவுக்கு வந்ததால மகளுக்கு வந்தே தீரும் எண்டு பெரும்பாலான ஆக்களுக்கு இல்லை. லான்செட் மருத்துவ இதழின்ர நிபுணர் குழு 2024இல 14 காரணங்களை எழுதி, இதுகளைச் சரிப்படுத்தினா உலகத்தில வாற மறதி வருத்தத்தில 45 வீதம் அளவில தடுக்கலாம் அல்லாட்டி பிந்தப் பண்ணலாம் எண்டு சொன்னது. பிரஷர், சீனி, கூடாத கொலஸ்ட்ரோல், புகை, குடி, உடல் பருமன், உடம்பு அலுங்காமல் இருக்கிறது, மனச்சோர்வு, தனிமை, காது, கண், தலையில அடி, காத்து மாசு, சின்ன வயசில படிப்புக் குறைவு. அந்த லிஸ்டை வாசிக்கேக்க எனக்கு எங்கட ஆக்களின்ர முகம்தான் வந்தது, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூடம் விட்டவையும் ஷெல் துண்டு மண்டையில பட்டவையும் இங்க எத்தினை பேர். அதுகளைத் திருப்பி எடுக்க ஏலாது, அதாலதான் மிச்சத்தை விடக் கூடாது எண்டுறன்.

அந்த மிச்சத்தை ஒண்டாச் சேத்துச் செய்து பாத்தது பின்லாந்தில. 60இலயிருந்து 77 வயசு வரைக்கும் 1,260 பேரை எடுத்து, பாதிப்பேருக்கு 2 வருசம் சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பிரஷர் சீனி கவனிப்பு எல்லாம் சேத்துக் குடுத்தவை, 2015இல முடிவு வந்தது, சும்மா ஆலோசனை மட்டும் கேட்ட ஆக்களை விட இவையின்ர மூளைத்திறன் கூட முன்னேறியிருந்தது. ஒண்டை மட்டும் பிடிச்சுத் தொங்காமல் எல்லாத்திலயும் கொஞ்சம் கொஞ்சம் எண்டதுதான் அதில விசயம். உங்களுக்கு 52, பிரஷர் பாக்கவேண்டிய வயசு இதுதான், 70இல இல்லை. கிட்டடி ஆஸ்பத்திரியில ஆரோக்கிய வாழ்க்கை நிலையம் இருக்கும், காசில்லாமல் பிரஷரும் சீனியும் பாப்பினம்.

மருமகள், ஒட்டுசுட்டான்

மாமிக்கு 69. மூத்த மகன் 2009க்குப் பிறகு எங்கையெண்டு தெரியாது. இப்ப கொஞ்சக் காலமா சாப்பிடுறா இல்லை, ஆரோடயும் கதைக்கிறா இல்லை, எல்லாம் மறக்குது எண்டு சொல்லுறா. மகன்ர கதையை மட்டும் மறக்கிறா இல்லை.

பதில்: மறக்குது எண்டு அவவே சொல்லுறா எண்டால் அதை டொக்டரிட்ட அப்பிடியே சொல்லுங்கோ. மறதி வருத்தக்காரர் பலபேர் தாங்கள் மறக்கிறதை ஒத்துக்கொள்ள மாட்டினம், மனச்சோர்வுக்காரர்தான் கூட முறைப்படுவினம், இது நூத்துக்கு நூறு விதியில்லை, ஆனா கவனிக்க வேண்டிய விசயம். ஆஸ்பத்திரியில மனநல கிளினிக் இருக்கு, விசருக்கு மருந்து எடுக்கப் போறா எண்டு சனம் கதைக்கும், கதைக்கட்டும். மனச்சோர்வு மாறினா மறதியும் மாறுற ஆக்களைக் கிளினிக்கில கண்டிருக்கிறன்.

மகனை மறந்திடுங்கோ எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. கதை வந்தா இருந்து கேளுங்கோ. சாப்பாட்டைக் கோப்பையில போட்டுக் குடுத்திட்டுப் போகாமல் பக்கத்தில இருந்து நீங்களும் சாப்பிடுங்கோ, கறி என்ன வைக்கிறது எண்டு அவவையே கேளுங்கோ, உளுந்து உடைக்கவோ கீரை ஆயவோ சுளகைக் கொண்டுபோய் முன்னால வையுங்கோ. முதல் நாள் தொட மாட்டா. கோயிலுக்கோ மாதர் சங்கத்துக்கோ கூட்டிக்கொண்டு போக ஒரு சிநேகிதியைப் பிடியுங்கோ, மருமகள் கூப்பிட்டா வராத ஆக்கள் கூட்டாளி கூப்பிட்டா வருவினம்.

பூநகரி வாசகி

இவருக்கு 65. பின்னேரத்தில ஒரு போத்தல் கள்ளு. பனங்கள்ளு இயற்கையானது, மூளைக்குக் குளிர்ச்சி எண்டு சண்டை பிடிக்கிறார்.

பதில்: இயற்கையானதுதான், மதுசாரமும் இயற்கையாத்தான் அதுக்குள்ள ஊறுது. 750 மில்லிப் போத்தலில 5 வீதம் எண்டு வைச்சா சுத்த மதுசாரம் 37 மில்லி அளவில வரும், கிழமைக்கு 260 மில்லி. நான் மேல சொன்ன லான்செட் குழு கிழமைக்கு 210 மில்லிக்கு மேல போறதைத்தான் மறதிக்கு ஆபத்தான குடி எண்டு கணக்கெடுத்தது, உங்கட ஆள் அதைத் தாண்டி நிக்கிறார். அதுக்குள்ள நிண்டா நல்லம் எண்டும் இல்லை. சீனிக் குளிசை போடுறவர் எண்டா வெறும் வயித்தில கள்ளு வேண்டவே வேண்டாம், ஆளை விழுத்திப்போடும். போத்தலைப் பாதியாக்கி, கிழமையில ரெண்டு மூண்டு நாள் இல்லாமல் இருந்து பாக்கச் சொல்லுங்கோ. இல்லாத அண்டைக்குக் கை நடுங்கி வேர்க்குது எண்டா சட்டெண்டு முழுக்க நிப்பாட்டாமல் கிளினிக்கில காட்டுங்கோ, சட்டெண்டு நிப்பாட்டினா வலிப்பு வரலாம், மெல்ல விடுவிக்க மருந்து இருக்கு.